மெஸ்ஸியின் ஊசியும் அக்காவின் மாத்திரையும்

உலகக் கோப்பை வரும்போதெல்லாம் அந்த ஃபார்வர்டும் வந்துவிடும். 2022 டிசம்பரில் அர்ஜென்டினா ஜெயித்த வாரத்தில் மட்டும் காலேஜ் குரூப், ஆபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என்று ஏழெட்டு இடங்களிலிருந்து எனக்கு வந்தது. ஏழைக் குடும்பத்துப் பையன். வளராத வியாதி. கால்பந்து ஆடவே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். தினமும் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வியாதியை ஜெயித்தான், உலகத்தை ஜெயித்தான். கீழே கோப்பையோடு ஒரு படம், கைகூப்பும் எமோஜி, 'உன்னாலும் முடியும்' என்று ஒரு வரி. மோட்டிவேஷன் சேனல்கள் இதையே பின்னணி இசை போட்டுப் பத்து நிமிஷத்துக்கு இழுக்கின்றன.

மெஸ்ஸி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இந்தக் கதை மேல்தான். பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது சரியாகச் சுரக்காவிட்டால் ஆள் அவதிப்படுவார் என்பது நம்மில் பலருக்குத் தெரிய வந்ததே இந்த ஒரு கதையால்தான். ஒரு குறைபாட்டைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே கதை அரைகுறையாக இருந்தால், அதே குறைபாட்டோடு வாழும் மற்றவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அப்படி விலை கொடுத்தவர். அவரிடம் பிறகு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அக்காவுக்காக எண்டோகிரைனாலஜி புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்து, அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டவன். கீழே வரும் மி.கி. கணக்கெல்லாம் விஷயம் விளங்குவதற்காக மட்டும். உங்கள் டோஸை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மெஸ்ஸி. 1987-ல் ரொசாரியோவில் பிறந்தவர். அப்பா ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்தவர். நடுத்தர உழைப்பாளிக் குடும்பம், ஃபார்வர்டில் வரும் பரம ஏழை இல்லை. கூட ஆடும் பையன்களைவிட ரொம்பச் சின்னதாக இருக்கிறானே என்று பத்து வயதை ஒட்டி டியேகோ ஷ்வார்ஸ்டெயின் என்ற எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போனார்கள். வளர்ச்சி ஹார்மோன் போதவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. தினமும் ராத்திரி காலில் ஊசி. இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால். கைவிரித்த டாக்டர் என்று இந்தக் கதையில் யாரும் இல்லை. இருந்தவர் வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்து மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர். அவரைத்தான் கதை தூக்கி வெளியே போட்டுவிட்டது. மருந்துச் செலவுக்கு முதலில் அப்பாவின் வேலை வழியாக உதவி கிடைத்தது, பிறகு அது சிக்கலானது, 2000-ல் பார்சிலோனா ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் டிசம்பர் 14 அன்று ஒரு பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி 2024-ல் ஏலத்தில் 7.6 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

கதை விட்டுவிட்ட இன்னொரு பகுதி அந்த மருந்தே எங்கிருந்து வந்தது என்பது. உண்மையான சினிமா அங்கேதான் இருக்கிறது. மனித வளர்ச்சி ஹார்மோனை ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பலன் கண்டதை அமெரிக்காவில் மாரிஸ் ரேபன் 1958-ல் அறிவித்தார். இன்சுலினை அப்போது மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள். ஆனால் மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யாது. மனிதனுடையதுதான் வேண்டும். எனவே இறந்தவர்களின் மூளையடியிலிருந்து பிட்யூட்டரியைச் சேகரித்து, அரைத்து, பிரித்தெடுத்தார்கள். 1985-ல் அப்படி ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் க்ரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற மூளைச் சிதைவு நோயில் இறந்தது வெளியே வந்தது. இறந்தவர் ஒருவரின் சுரப்பியில் இருந்த தொற்று மருந்தோடு சேர்ந்து போயிருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விநியோகத்தை நிறுத்தினார்கள். அதே 1985 அக்டோபரில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துத் தயாரித்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மெஸ்ஸி பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவருக்கு முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட அதே ஊசி அவர்களில் பலரைக் கொன்றது. 'மன உறுதியால் வென்றார்' என்ற வரிக்குள் இதெல்லாம் அடங்காது.

ஃபார்வர்டுக்கு எதிர்க்கட்சியும் உண்டு. ரொனால்டோ ரசிகர்கள் பக்கம் போனால், 'அவன் ஹார்மோன் ஊசி போட்டு வளர்ந்தவன்டா, அது டோப்பிங்தானே' என்பார்கள். விளையாட்டில் வளர்ச்சி ஹார்மோன் தடை செய்யப்பட்ட பொருள் என்பது வாஸ்தவம். ஆனால் இல்லாததை ஈடு கட்டுவதும், இருப்பதற்கு மேல் ஏற்றுவதும் வேறு வேறு. சம்பளமும் பணம்தான், லஞ்சமும் பணம்தான். நோட்டைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அத்தனை ஊசிக்குப் பிறகும் அவர் உயரம் 170 செ.மீ.

புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் எதிரெதிர் என்று தோன்றும். எனக்கு இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்வதாகப் படுகிறது. ஒருத்தருக்கு ஹார்மோன் என்பது கொஞ்ச நாள் எடுத்து, ஜெயித்து, நிறுத்திவிடுகிற கோர்ஸ். இன்னொருத்தருக்கு அது உடம்பில் வெளியிலிருந்து ஏற்றிய அதிகப்படி சரக்கு. 'உடம்பு தானாகச் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை, அதனால் ஆயுசு முழுக்க வெளியிலிருந்து, அளவாக, தினமும்' என்ற மூன்றாவது நிலைமைக்கு இரண்டு கதையிலும் இடமே இல்லை. பிட்யூட்டரி போனவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த மூன்றாவதில்தான்.

மெஸ்ஸிக்குக் குறைந்ததாகச் சொல்லப்படுவது ஒரே ஒரு ஹார்மோன். இப்படி ஒன்று மட்டும், காரணம் தெரியாமல், குறைந்த பிள்ளைகளில் பலருக்கு வளர்ந்து முடிந்தபின் மறுபடி சோதித்தால் அளவு சரியாகவே இருக்கும். அவர்களுக்கு ஊசியை நிறுத்தலாம். ஆனால் அரை கிராம் எடையில், ஒரு பட்டாணி அளவில், மண்டையோட்டின் அடியில் ஒரு எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பியே சிதைந்துபோனால் போவது ஒன்று இல்லை. தைராய்டை இயக்கும் டி.எஸ்.ஹெச்., அட்ரீனலை இயக்கும் ஏ.சி.டி.ஹெச்., சினைப்பையையும் விந்தகத்தையும் நடத்தும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., பால் சுரக்க புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன் என எல்லாம் வரிசையாகப் போகலாம். பள்ளிப் புத்தகத்தில் இதைத் தலைமைச் சுரப்பி என்று படித்தோம். எனக்கென்னவோ இது டீம் லீட் மாதிரிதான் தெரிகிறது. மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு மேனேஜர். கீழே வேலை செய்யும் தைராய்டு, அட்ரீனல் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சொல்ல ஆள் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இது யாருக்கு வருகிறது? பிட்யூட்டரியில் கட்டி, அதற்கான அறுவை, கதிர்வீச்சு, தலைக் காயம் எல்லாம் உலகம் முழுக்க உள்ள காரணங்கள். நம் பக்கத்தில் இன்னும் இரண்டு உண்டு. இந்த இரண்டைப் பற்றியும் தமிழில் யாரும் வீடியோ போட்டு நான் பார்த்ததில்லை.

முதலாவது பிரசவம். கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருக்கும். ஆனால் அதற்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த மெல்லிய குழாய்கள் வழியாக. பிரசவத்தில் ரத்தப்போக்கு மிஞ்சி பிரஷர் விழுந்தால், முதலில் பட்டினி கிடந்து சாகும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் நோய்க்குறியியலாளராக இருந்த ஹெரால்டு ஷீஹான், இறந்த தாய்மார்களின் உடல்களைச் சோதித்து 1937-ல் இதை விளக்கி எழுதினார். ஷீஹான் சின்ட்ரோம் என்று பெயர். பிரசவ வசதி நன்றாக உள்ள நாடுகளில் இப்போது அபூர்வம். காஷ்மீர் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வந்தது: குழந்தை பெற்ற, 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று கணித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

அக்காவுக்கு 1998-ல் பிரசவம். ஆஸ்பத்திரியில்தான். நிற்காத ரத்தப்போக்கு, நாலைந்து பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "பொழச்சதே சாமி புண்ணியம்" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். பால் சுரக்கவே இல்லை. மாதவிலக்கு திரும்பி வரவில்லை. இரண்டும் பிட்யூட்டரி போனதற்குப் பாடப் புத்தகத்தில் முதல் வரியில் இருக்கும் அறிகுறிகள். வீட்டில் பாலுக்குப் பூண்டு கொடுத்தார்கள், சுறாப் புட்டு கொடுத்தார்கள், அப்புறம் டப்பா பால் வாங்கினார்கள். மாதவிலக்கு வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு அது சௌகரியமாகக்கூடத் தெரிந்தது. அடுத்த பதினாலு வருஷம் சோர்வு. மே மாசத்து மதுரையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்று பெயர் வாங்கினார். 2012-ல் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கில் நினைவு தப்பி, "சோடியம் கொறஞ்சிருச்சு" என்று மூன்றாவது தடவையாக அட்மிட் செய்தபோதுதான், பிரசவத்தில் என்ன நடந்தது என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். பதினாலு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலியாக இருந்தது.

பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கையைக் குறைத்ததில் தமிழ்நாடு பெருமைப்படலாம், படவும் வேண்டும். ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தில் அக்கா 'பிழைத்தவர்'. அதற்கு மேல் அவரைப் பற்றி எந்தக் கட்டமும் இல்லை. ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்போதே, 'பால் வரலைன்னா, மாதவிலக்கு வரலைன்னா திரும்பி வாங்கம்மா' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்?

இரண்டாவது கண்ணாடி விரியன். நம் வயல்களில் சாதாரணமாக இருக்கும் பாம்பு. அதன் விஷம் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடும். கடிபட்டவர்களின் பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்து ஷீஹான் மாதிரியே ஆகிறது என்று பர்மாவில் கண்டு, லான்செட் இதழில் எழுதினார்கள். வருஷம் 1987, மெஸ்ஸி பிறந்த அதே வருஷம். இலங்கையிலிருந்து முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 2011-ல் வந்தது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு போட்டு, கிட்னியைக் காப்பாற்றி, வீட்டுக்கு அனுப்பிய விவசாயி, சில வருஷம் கழித்து முகத்தில் முடி வளராமல், தெம்பில்லாமல், அடிக்கடி மயங்கி விழுந்தால் அதைப் பழைய கடியோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? 'பாம்பு கடிச்சு ஆளே மாறிட்டான்' என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி சரியான டயக்னாசிஸ்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். என் விமர்சனத்தின் மையம் இதுதான். பிட்யூட்டரி போனால் உயிருக்கு நேரடியாக உலை வைப்பது வளர்ச்சி ஹார்மோன் இல்லை, கார்டிசால். ஏ.சி.டி.ஹெச். வராவிட்டால் அட்ரீனல் கார்டிசாலைப் போதிய அளவு சுரக்காது. கார்டிசால் இல்லாத உடம்பு சும்மா இருக்கும்வரை எப்படியோ ஓட்டிவிடும். காய்ச்சல், விபத்து, அறுவை என்று ஏதாவது வந்தால் பிரஷர் விழும், சர்க்கரை விழும், சோடியம் விழும், ஆளும் விழுவார். அதற்கு ஈடாகக் கொடுப்பது ஹைட்ரோகார்டிசோன், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளுக்கு 15 முதல் 20 மி.கி., இரண்டு மூன்றாகப் பிரித்து. அல்லது பிரெட்னிசலோன், 5 மி.கி.யைச் சுற்றி. நம் உடம்பு தானாகவே தினமும் சுரப்பதற்கு ஏறக்குறைய சமமான அளவு. ஒரு நாள் மாத்திரையின் விலை, ஊசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நாப்கினும் தேவையில்லை, பார்சிலோனாவும் தேவையில்லை.

பிரச்சினை அதன் குடும்பப் பெயரில் இருக்கிறது: ஸ்டீராய்டு.

இந்தப் பெயர் எப்படிக் கெட்டது என்பதற்கு வரலாறு உண்டு. 1948-ல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் கொடுத்தார். நாளுக்கு 100 மி.கி. சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-லேயே நோபல் பரிசு. அதே அளவை மாசக்கணக்கில் கொடுத்தபோது முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி, பின்விளைவுகளும் வரிசையாக வந்தன. நம் ஊரில் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டில்லாமலே ஸ்டீராய்டு விற்றுப் பலரைக் கெடுத்த கதை தனி. ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்குப் போடுவது அனபாலிக் வகை, குணத்தில் வேறு சரக்கு. ஆனால் பெயர் அதே பெயர். ஆக ஸ்டீராய்டு என்றால் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் முழுக்க அதிக அளவில் கற்றுக்கொண்ட பயம். ஈடு கட்டும் அளவுக்கு அதை அப்படியே தூக்கிவந்து ஒட்டுவதுதான் தப்பு.

2021 மே மாதம் நினைவிருக்கும். இரண்டாவது அலை, கறுப்புப் பூஞ்சை. ஸ்டீராய்டை அளவில்லாமல் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று டிவியில் டாக்டர்கள் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அது 'ஸ்டீராய்டு சாப்பிட்டால் கறுப்புப் பூஞ்சை' என்று வந்து சேர்ந்தது. சொந்தத்தில் ஒருத்தர் அக்காவுக்குப் போன் போட்டு, "நீ பத்து வருஷமா அதைத்தானம்மா முழுங்குற? மொதல்ல நிப்பாட்டு. மனசு தைரியமா இருந்தா மாத்திரையே வேணாம்" என்றிருக்கிறார். அக்கா நிறுத்தினார். மூன்றாம் நாள் வாந்தி, நாலாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. படுக்கை கிடைக்காத அந்த வாரத்தில் பிரஷர் 70-க்குக் கீழே இருந்த ஒருத்தரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தான் அவர் மகன். கடைசியில் ஒரு நர்சிங் ஹோமில் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் ஏறியபின், சில மணி நேரத்தில் அக்கா எழுந்து காபி கேட்டார்.

போன் போட்டவர் கெட்டவர் இல்லை, பாசக்காரர். அவருக்குத் தெரிந்த இரண்டே கதைகளைச் சேர்த்துப் பேசினார்: ஹார்மோன் என்றால் அதிகப்படி சரக்கு, மன உறுதி இருந்தால் வியாதியை ஜெயிக்கலாம். ஃபார்வர்டும் அதன் எதிர்க்கட்சியும் ஒரே வாயில்.

காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்பது யாருக்குமே முதலில் நம்ப முடியாத விஷயம். நல்ல உடம்பு காய்ச்சலில் தானாகவே கார்டிசாலைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும். பிட்யூட்டரி இல்லாதவர் அந்த நாட்களுக்கு மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்கி, குணமானதும் பழைய அளவுக்கு வர வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. ஸ்டீராய்டைக் குறைப்பதே நல்லது என்று பழகிய குடும்பத்தில், காய்ச்சலோடு படுத்திருக்கும் அம்மாவுக்கு மகன் இரண்டு மடங்கு கொடுத்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்.

இனி என் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு விஷயம். தைராய்டு சரியா என்று பார்க்க நம் லேப்களில் முதலில், பல நேரம் அது மட்டுமே, எடுப்பது டி.எஸ்.ஹெச். தைராய்டு குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச்.சை ஏற்றிக் கத்தும். கத்தல் அதிகமா, தைராய்டு குறைவு. அருமையான டெஸ்ட், ஒரே ஒரு நிபந்தனையோடு: கத்த வேண்டிய பிட்யூட்டரி உயிரோடு இருக்க வேண்டும். சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் மெஷினே செத்துக் கிடக்கும்போது, 'ராத்திரி முழுக்க ஒரு அலெர்ட்கூட வரலை, எல்லாம் பச்சை' என்று ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி. அக்காவின் சோர்வுக் காலத்தில் இரண்டு தடவை டி.எஸ்.ஹெச். எடுத்திருக்கிறார்கள், 'நார்மல்' என்று ரிப்போர்ட் பத்திரமாக இருக்கிறது. பிட்யூட்டரி போனவர்களுக்கு அந்த எண் குறைவாக, சரியாக, ஏன் லேசாகக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அர்த்தமில்லாத எண். பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4.

சிகிச்சை ஆரம்பித்தபின் இதே தப்பு தலைகீழாக வரும். தைராக்சின் சாப்பிடும் அக்காவுக்கு டி.எஸ்.ஹெச். 0.1-க்குக் கீழே இருக்கும், இருக்கத்தான் செய்யும். ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் அதைச் சிவப்பு எழுத்தில் பார்த்த டாக்டர், தைராக்சின் அதிகமாகிவிட்டது என்று பாதியாகக் குறைத்தார். மூன்று மாசம் கழித்து முகம் வீங்கி, குரல் கரகரத்து, பழைய போர்வை வெளியே வந்தது. பிட்யூட்டரி இல்லை என்று ஃபைலில் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்தை மட்டும் தேடிப் பார்க்கும் பழக்கத்தில் அந்த ஒரு வரி கண்ணில் படவில்லை. இன்னொன்றும் உண்டு: கார்டிசால் குறைவைச் சரி செய்யாமல் தைராக்சினை மட்டும் ஆரம்பித்தால், மிச்சம் இருக்கும் கார்டிசாலும் வேகமாகக் கரைந்து ஆள் சரிவார். முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின். ஊருக்குப் பயமில்லாத மாத்திரை இந்த இடத்தில் ஆபத்து, ஊர் பயப்படும் மாத்திரை காப்பு.

பெயர் ஆளைக் கொல்லுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு லண்டன் சம்பவம். பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக வரும் ஹார்மோன் ஒன்று சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் பிடித்து வைக்கிறது. அது போனால் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும், தாகம் அடங்காது. ஷீஹானில் இது பெரும்பாலும் தப்பிவிடும். கட்டிக்கு அறுவை செய்தவர்களுக்கு வரும். இதற்குப் பல காலமாக டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் டயாபடீஸ் என்ற சொல்லையும் அதிகச் சிறுநீரையும் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 2009-ல் இந்தக் குறைபாடு உள்ள 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவைக்காக லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்கு வேண்டிய மருந்தைக் கொடுக்கவில்லை. தாகத்தில் தவித்து, தண்ணீருக்காகப் படுக்கையிலிருந்தே போலீஸுக்குப் போன் செய்தார். முரண்டு பிடிக்கும் நோயாளி என்று நினைத்துவிட்டார்கள். நீர் வற்றி இறந்தார். 2012-ல் நடந்த மரண விசாரணை, அலட்சியமும் காரணம் என்றது. இப்படிப்பட்ட குழப்பங்களால்தான் 2022-ல் எண்டோகிரைனாலஜி அமைப்புகள் சேர்ந்து அந்தப் பெயரையே மாற்றின. இப்போது ஆர்ஜினின் வாசோப்ரெசின் குறைபாடு. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் யாரும் சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு நார்மல் என்று போகமாட்டார்கள். டயாபடீஸை மாற்ற முடிந்தவர்களால் ஸ்டீராய்டை மாற்ற முடியவில்லை என்பது என் வருத்தம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் நார்மல் வாழ்க்கை' என்று டாக்டர்கள் தரும் ஆறுதலையும் சும்மா விட முடியாது. அதுவும் ஒரு ஃபார்வர்டுதான், கொஞ்சம் மரியாதையான ஃபார்வர்டு. உடம்பின் கார்டிசால் விடியலுக்கு முன்னே ஏற ஆரம்பித்து, விழிக்கும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, நடுராத்திரியில் அடங்கும். ஹைட்ரோகார்டிசோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். மாத்திரை போட்டதும் மேடு, அப்புறம் பள்ளம். அக்கா மாத்திரைக்கு முன்னால் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே ஒரு வேலை; சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டார். பெரியவர்களுக்கும் வளர்ச்சி ஹார்மோன் தேவை, தசைக்கும் எலும்புக்கும் தெம்புக்கும். விலையைக் கேட்டுவிட்டு அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மெஸ்ஸிக்குக் கிடைத்த மருந்து அவருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. இதையெல்லாம் 'குறையை வென்றார்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. தினமும் மூன்று வேளை, தானாக நடக்க வேண்டிய ஒன்றைக் கையால் நடத்துகிறார். பதிமூன்று வருஷத்துக்கு மேலாக, கடிகாரத்தைப் பார்த்து.

2021-க்குப் பிறகு அவர் மகன் ஒரு அட்டை அடித்து லேமினேட் செய்து பர்ஸில் வைக்கச் சொன்னான். அதில் ஸ்டீராய்டு என்ற சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். போட்டால்தான் கேஷுவாலிட்டியில் நர்ஸுக்குச் சட்டென்று புரியும் என்றான் அவன். போட்டால் தூக்கிக்கொண்டு வருகிற சொந்தக்காரர்கள் பயந்து ஊசியைத் தடுப்பார்கள் என்றார் அக்கா. கடைசியில் அட்டைக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் டாக்டருக்கு: பிட்யூட்டரி குறைபாடு, ஸ்டீராய்டை நம்பி வாழ்பவர், மயக்கம் அல்லது வாந்தி என்றால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, டி.எஸ்.ஹெச். பார்த்து தைராக்சின் மாற்ற வேண்டாம். மறுபக்கம் மற்றவர்களுக்கு, அக்காவே சொல்லி எழுதியது: 'இந்த மருந்து என் உடம்பில் ஊற வேண்டியது. ஊறவில்லை. அதனால் போடுகிறார்கள். தடுக்காதீர்கள்.'